தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு

குழந்தையைப் பார்த்து மகிழ்வதற்கென்றே தனியாக ஒரு சிற்றிலக்கிய வகையை வைத்திருக்கும் மொழி தமிழ். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைக் குழந்தையாக்கிப் பாடியது தொடங்கி, தெய்வங்களையும் தலைவர்களையும் மடியில் போட்டுக் கொஞ்சும் பிள்ளைத்தமிழ்கள் இன்று வரை வந்துகொண்டே இருக்கின்றன. தலை தூக்கி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடையில் வரச் சொல்வது வாரானை, நிலவைக் கூப்பிடுவது அம்புலி என்று பத்துப் பருவங்கள். ஆண்பிள்ளை சிற்றில் சிதைத்து, சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டியதும் நூல் முடிந்துவிடும். பெண்பிள்ளை ஊசலில் ஆடியதும் முடிந்துவிடும். அதற்கு மேலும் பிள்ளை வளர்கிறது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, அறைக் கதவு சாத்தப்படுகிறது, வாக்குவாதம் வருகிறது. அந்தப் பருவத்தைப் பெற்றவர் கண்ணால் பார்த்துப் பாட நம்மிடம் தனி நூல்வகை கிடையாது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று பெண்ணின் வயதைப் பிரித்த ஏழு பருவங்கள் உண்டுதான். ஆனால் அவை உலா நூல்களில், வீதியில் பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்கும் பெண்களின் வரிசை. அங்கே தாயின் கண் இல்லை.

எனக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு மகளும் பதினேழு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். அவர்கள் தவழ்ந்தபோது எனக்குச் சொற்களுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தங்கம், செல்லம், ராசாத்தி என்று பாட்டி வழியாக வந்த சொற்களே போதுமானவையாக இருந்தன. இப்போது அவர்களைப் பார்க்கும்போது நெஞ்சில் எழுவது அதைவிடப் பெரிதாக இருக்கிறது, சொல்தான் இல்லை. வளர்ந்த பிள்ளையைப் பார்த்துப் பெற்றவர் கொள்ளும் பெருமையைத் தமிழர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள், எப்படிப் பேசியிருக்கிறார்கள், இன்று அதை என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தேடியதில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் படுவது புறநானூறு. அதன் 312ஆம் பாடலில் பொன்முடியார் ஓர் இளைஞன் உருவாகும் வேலையை ஆட்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடிப்பது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கு, களத்தில் யானையை வீழ்த்தி வருவது அவனுக்கு. மேலோட்டமாகப் பார்த்தால் போர்ப்பாட்டு. எனக்கு அதில் தங்கியது வேறு. பிள்ளை பெற்றவர் இருவரால் மட்டும் ஆவதில்லை, ஊரே சேர்ந்து ஆக்குகிறது. அப்படியானால் அவனால் வரும் பெருமையும் பெற்றவருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது. 278ஆம் பாடலில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் முதிய தாய், மகன் புறமுதுகிட்டான் என்று பலர் சொல்லக் கேட்டுக் களத்துக்கு ஓடுகிறாள். பிணங்களைப் புரட்டிப் பார்த்து, களத்திலேயே வெட்டுண்டு சிதைந்து கிடக்கும் மகனைக் கண்டதும் பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். இன்று ஒரு தாயால் அந்தப் பாடலை நடுங்காமல் படிக்க முடியாது. பிள்ளையின் உயிரைவிடப் பிள்ளையால் வரும் பெயர் பெரிது என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்பதை அது காட்டுகிறது. அந்த எண்ணம் இன்னும் சாகவில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

எனக்குப் பிடித்தது 86ஆம் பாடல். பாடியவர் காவற்பெண்டு. யாரோ ஒருத்தி வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று கேட்கிறாள். எங்கே இருக்கிறானோ தெரியாது, புலி கிடந்துவிட்டுப் போன குகை போல அவனைச் சுமந்த வயிறு இது, அவன் ஏதாவது போர்க்களத்தில் இருப்பான் என்பது தாயின் பதில். போர்க்களத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். மகன் இருக்கும் இடம் தெரியவில்லை என்று சொல்லும் குரலில் பதற்றமே இல்லை. போன புலியைக் குகை கட்டிவைக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கைப்பேசியில் மகள் இருக்குமிடத்தைப் புள்ளியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்தத் தாய் வெகு தொலைவில் நிற்கிறாள்.

திருக்குறளின் ஏழாம் அதிகாரம் மக்கட்பேறு. அதன் முதல் பாதிக் குறள்களில் குழந்தை தெரிகிறது. சிறு கை அளாவிய கூழும் மழலையும் அங்கேதான் வருகின்றன. பிற்பாதியில் பிள்ளை வளர்ந்துவிடுகிறது. அவையில் முந்தியிருக்கச் செய்வது தந்தையின் கடமை, தம்மைவிடத் தம் மக்கள் அறிவுடையவராக இருப்பது உலகத்துக்கே இனிது, மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்ட தாய் பெற்ற பொழுதைவிட மகிழ்வாள், இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊர் வியக்க நடந்துகொள்வது மகன் செய்யும் கைம்மாறு. இந்த வரிசையில் எங்கும் தாயோ தந்தையோ பிள்ளையைப் பார்த்து நேராக ஒரு சொல் சொல்வதில்லை. எல்லாம் பிறர் வாயாகவே வருகிறது. தாய் கேட்டாள் என்பதற்குப் பரிமேலழகர், பெண் தன் இயல்பால் தானாக அறிய மாட்டாள், அதனால் கேட்டாள் என்று உரை எழுதினார். அதை ஏற்க எனக்கு மனமில்லை. நச்செள்ளையாரின் கிழவியும் முதலில் பலர் சொல்லித்தான் கேட்டாள். ஆனால் உண்மையை அறியத் தானே களத்துக்குப் போனாள், தானே புரட்டிப் பார்த்தாள். அறிய முடியாமல் கேட்டவள் இல்லை அவள். தன் பிள்ளை என்றால் தன் கண் சாயும் என்று பெற்றவளுக்குத் தெரியும். அதனால்தான் சாயாத இன்னொரு வாய்க்காக அவள் காத்திருக்கிறாள். தந்தைக்கும் இது பொருந்தும்.

வீரமும் இல்லாமல் அவையும் இல்லாமல், வெறுமனே வளர்ந்துவிட்ட பிள்ளையைப் பார்த்த மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால் அது அகத்தில், செவிலித்தாயிடம் இருக்கிறது. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. மணமாகிப் போன மகள் குடித்தனம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்த செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள். தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டாளாம். தாளிதப் புகை கண்ணில் ஏறியதாம். அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் இனிது என்று உண்டானாம். அவள் முகம் நுட்பமாக மலர்ந்ததாம். அந்த நுண்ணிய மலர்ச்சியைக் கண்டவள் செவிலி மட்டும்தான். பிள்ளை நம்மைப் பாராமல் தன் வேலையில் மூழ்கியிருக்கும்போது நாம் அதைப் பார்க்கும் அந்தப் பார்வையே இந்தக் கட்டுரையின் உயிர் என்று நினைக்கிறேன்.

நற்றிணை 110 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாடியவர் போதனார். சிறுமியாக இருந்தபோது பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு, பூங்கோலை ஓங்கி, குடி குடி என்று செவிலியர் துரத்தினார்கள். அவளோ சிலம்பு ஒலிக்கப் பந்தலைச் சுற்றி ஓடினாள். நரைத்த செவிலியர் கால் ஓய்ந்து நின்றார்கள். அந்த விளையாட்டுப் பெண், கொண்டவன் குடி வறுமைப்பட்டபோது தந்தை வீட்டுச் சோற்றை நினைக்காமல், ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது உண்டு வாழ்கிறாள். இந்த அறிவையும் நடத்தையையும் இவள் எங்கே கற்றாள் என்று செவிலி வியக்கிறாள். ஒரு பெண் பட்டினியை மறைப்பதைப் பெருமை என்று சொல்ல இன்று என்னால் முடியாது. இப்படி ஒரு செய்தி வந்தால் எந்தத் தாயும் அரிசி மூட்டையோடு மகள் வீட்டுக்குக் கிளம்புவாள், கிளம்பவும் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட முடியவில்லை. நான் கற்றுத்தந்தேன் என்று செவிலி சொல்லவில்லை. எங்கே கற்றாள் என்று கேட்கிறாள். வளர்த்த கைக்கு எட்டாத ஏதோ ஒன்று அவளுக்குள் முளைத்திருக்கிறது. நம்மிடமிருந்து போகாத ஒன்றைப் பிள்ளையிடம் காணும் வியப்புத்தான் வளர்ந்த பிள்ளையால் வரும் பெருமையின் அசல் வடிவம் என்பது என் எண்ணம். நான் செய்தது என்று மார்தட்டுவது அதற்குப் பல படி கீழே.

கலித்தொகையின் ஒன்பதாம் பாடலில் பாலை பாடிய பெருங்கடுங்கோ இதையே வேறு முகமாகச் சொல்கிறார். காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி வரும் செவிலி, வழியில் எதிர்ப்பட்ட துறவிகளிடம் கண்டீர்களா என்று கேட்கிறாள். கண்டோம், திரும்பிப் போ என்கிறார்கள். சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசுபவருக்கே பயன், முத்து கடலில் பிறந்தாலும் அணிபவருக்கே பயன், இசை யாழில் பிறந்தாலும் கேட்பவருக்கே பயன் என்று எடுத்துச் சொல்கிறார்கள். சந்தனத்தையும் முத்தையும் போலப் பெண்ணைப் பொருளாகச் சொன்னது இன்று உறுத்தும். ஆனால் பிறந்த இடம் உரிமை கொண்டாட முடியாது என்ற வாதம், தேடி வந்த தாயின் முகத்துக்கு நேராக, அவள் தவித்து நிற்கும்போதே சொல்லப்படுகிறது.

பெருமை ஏன் நம்மிடம் நேராகப் பேசுவதில்லை என்பதற்குப் பழைய நூல்களைவிட வீட்டுப் பழக்கமே நல்ல விளக்கம் தருகிறது. தாய்க்கண் பொல்லாதது என்பார்கள். ஊர்க் கண்ணைவிடப் பெற்றவள் கண்தான் முதலில் படுமாம். மகன் புதுச் சட்டை போட்டு நின்றால் என் அம்மா பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாலையில் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவாள். அடுப்பில் மிளகாய் நெடி ஏறாவிட்டால், "பாத்தியா, எவ்ளோ கண்ணு!" என்பாள். அந்த எரிந்த மிளகாய்தான் அவள் வாய்திறந்து சொல்லாத பாராட்டு. மூடநம்பிக்கை என்று சொல்லித் தள்ளிவிடலாம். ஆனால் பிள்ளைமேல் தன் ஆசை அதிகமாகப் படர்ந்தால் அது பிள்ளைக்குச் சுமையாகும் என்ற அச்சம் அதற்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்பாக்களுக்கு மிளகாயும் இல்லை. எத்தனை வீடுகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்: அப்பா ஒரு நாளும் நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. அவர் போன பிறகு, டீக்கடையில் உட்காரும் நண்பரோ உடன் வேலை பார்த்தவரோ துக்கம் கேட்க வந்து, "உங்களைப் பத்திப் பேசாத நாளே கிடையாதுப்பா" என்று சொல்வார். குறளில் மகனின் சிறப்பைத் தாய் பிறர் வாயால் கேட்டாள். இங்கே தந்தையின் பெருமையை மகன் பிறர் வாயால் கேட்கிறான், அதுவும் காலம் கடந்து. மூன்றாமவர் வாய்வழியாகவே பாசம் போய்ச் சேர்வது நம் பண்பாட்டின் அழகு என்று ஒரு காலத்தில் நினைத்தேன். துக்க வீட்டில் நாற்பது வயது மனிதர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தேம்புவதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று பழமொழி வைத்திருக்கிறோம். தோழனிடம் பேசுவது போலப் பேச மட்டும் பழகவில்லை.

ஒரே ஒரு வளர்ச்சியைத்தான் நாம் ஊரறியக் கொண்டாடுகிறோம். அது பெண் பூப்பெய்துவது. மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், பந்தல், மொய், தெருமுனையில் படத்தோடு பேனர். ஈழத்தில் இதே நிகழ்வுக்குச் சாமத்திய வீடு என்று பெயர். பெற்றவர்களுக்கு அதில் உண்மையான பூரிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே கொண்டாடப்படுவது அந்தப் பெண்ணின் அறிவோ குணமோ அல்ல, உடல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தையை மேடையேற்றிவிட்டு, மறுநாளிலிருந்து தெருவில் விளையாடாதே, சத்தமாகச் சிரிக்காதே என்று வேலி போடுகிறார்கள். வளர்ந்துவிட்டாய் என்று அறிவித்த கையோடு வளர விடாமல் தடுக்கும் சடங்கு அது.

அந்த வேலியின் கடைசிக் கோடியில் ஆணவக் கொலை நிற்கிறது. சாதி மாறிக் காதலித்தாள் என்பதற்காகப் பெற்ற மகளையோ அவள் கணவனையோ கொன்ற வழக்குகள் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வந்துகொண்டே இருக்கின்றன. மகளைப் படிக்கவைத்து, ஊரெல்லாம் பெருமையாகச் சொன்ன வீடுகளிலும் இது நடந்திருக்கிறது. மகள் தன் பெயரைத் தூக்கிச் சுமக்கும் பாத்திரம், அவளாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பாத்திரம் உடைந்தது என்ற எண்ணம்தான் அங்கே கத்தியை எடுக்கிறது. பிள்ளையின் உயிரைவிடப் பெயர் பெரிது என்ற அந்தப் பழைய எண்ணம் இன்னும் சாகவில்லை என்று சொன்னது இதைத்தான். அந்தப் பெற்றோருக்குத் தேவைப்படுவது கலித்தொகைத் துறவிகள் சொன்ன பதில். நம் ஊர்களில் அதைச் சொல்ல வேண்டிய பெரியவர்களே பல நேரம் எதிர்ப்பக்கம் நின்று தூண்டிவிடுகிறார்கள்.

கத்தி எடுக்காத வீடுகளில் பெயர் சுமப்பது மதிப்பெண். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் நாளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று படங்களோடு செய்தித்தாள்கள் நிறைந்திருந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைக்கு இருபுறமும் நின்று அப்பாவும் அம்மாவும் லட்டு ஊட்டும் படங்கள். 2017இல் தமிழக அரசு இந்த முதலிட அறிவிப்பை நிறுத்தியது. நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பள்ளி வாசல்களில் தொங்கும் பதாகைகளையும் உறவினர் வாட்ஸ்அப் குழுக்களையும் எந்த அரசாணையும் தொட முடியாது. சான்றோன் என்று சொல்ல வேண்டிய மூன்றாமவர் வாய்க்கு இப்போது மதிப்பெண் பட்டியல் வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டியலுக்கு ஒரு வசதி உண்டு, அது பிள்ளையை அறிய வேண்டியதில்லை. ஊர்க்காரர் ஒருவர் நல்ல பையன் என்று சொல்ல வேண்டுமானால் அவனைச் சில ஆண்டுகளாவது பார்த்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. படிப்பால் வரும் பெருமையை எல்லா வீட்டிலும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கட்டணச் சலுகை தர 2010 முதல் தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. வருவாய்த் துறை தரும் அந்தத் தாளின் சாரம் இதுதான்: இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. இல்லாமையைச் சொல்லும் அந்த ஒற்றைத் தாளை நெகிழிப் பையில் போட்டு, கலந்தாய்வு நடக்கும் இடத்து மரத்தடியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே மகளோ மகனோ எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று முடிவெடுக்கும்போது அவர்களால் உதவ முடியாது. அந்தப் பெயர்கள் அவர்களுக்குப் புதியவை. தம்மைவிடத் தம் மக்கள் அறிவுடையவராக வேண்டும் என்ற குறளை அவர்களைப் போல உடம்பால் வாழ்ந்தவர் யார்? பிள்ளை நுழையும் கதவுக்குள் தாம் நுழைய முடியாது என்று தெரிந்தே கதவு வரை கொண்டுவந்து விடுகிறார்கள்.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, இந்திய அளவில் 28.4. இந்த எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ மரத்தடிகள் இருக்கின்றன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989 முதல் நடந்த திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியதும் இந்தக் கதையின் ஒரு பக்கம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. மகள் வளர்ந்துவிட்டாள் என்றால் தாலிக்கு ஏற்பாடு செய்வது என்ற பொருள், அவளை மேலே படிக்கவைப்பது என்று திரும்புவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

பெற்றவரின் பெருமை பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று உளவியலாளர்களும் தேடியிருக்கிறார்கள். நெதர்லாந்தில் எடி ப்ரும்மல்மான் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம் ஊரையே படம் பிடித்தது போல இருந்தது. 73 பெற்றோரை எடுத்துக்கொண்டு, சிலரை மட்டும் தங்கள் நிறைவேறாத கனவுகளை நினைத்து எழுதச் சொன்னார்கள். பிள்ளையைத் தன்னில் ஒரு பகுதியாகவே எண்ணியவர்கள் அப்படி எழுதிய பிறகு, அந்தக் கனவைப் பிள்ளை நிறைவேற்ற வேண்டும் என்ற ஆசையை அதிகம் காட்டினார்கள். டாக்டராக முடியாத அப்பா, மேடையேற முடியாத அம்மா என்று நாம் சொல்லிப் பழகிய கதைதான். அதே ப்ரும்மல்மான் 2015இல் 565 குழந்தைகளையும் பெற்றோரையும் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. என் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட உயர்ந்தவன் என்று பெற்றோர் எண்ணிய வீடுகளில் குழந்தையிடம் தற்பெருமை வளர்ந்தது. பெற்றோர் அன்பாக, இதமாக இருந்த வீடுகளில் தன்மதிப்பு வளர்ந்தது. இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்காவில் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் காட்டியது, நீ புத்திசாலி என்று புகழப்பட்ட மாணவர்கள் தடுமாறியதும் கடினமான புதிரை ஒதுக்கினார்கள், நன்றாக உழைத்தாய் என்று கேட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள் என்பது. இந்த ஆய்வுகள் பதின்பருவத்துக்குச் சற்று முந்திய பிள்ளைகளையே பெரும்பாலும் பார்த்தவை, வேறு நாட்டவை. நம் வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் சுற்றிப் போட்ட பாட்டிகளின் அச்சம் முற்றிலும் பிழையில்லை என்று அவை சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறேன். புகழ்ச்சி பிள்ளையைச் சுமக்கவும் வைக்கும்.

2023 ஆகஸ்டில் பாகூவில் உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டி நடந்தபோது ஒரு புகைப்படம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. பதினெட்டு வயது பிரக்ஞானந்தாவைச் செய்தியாளர்கள் சூழ்ந்திருக்க, சற்றுத் தள்ளி நின்று அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அம்மா நாகலட்சுமி. சென்னையிலிருந்து அடுப்பும் அரிசியும் கொண்டுபோய், போகும் நாடெல்லாம் சோறும் ரசமும் வைத்துக் கொடுத்தவர். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. மகனும் அவரைப் பார்க்கவில்லை. குறுந்தொகைச் செவிலியின் அதே கண். அவர் மகள் வைஷாலி அந்த ஆண்டு முடிவதற்குள் கிராண்ட்மாஸ்டர் ஆனார், உலகில் முதன்முதலாக அக்காவும் தம்பியும் அந்தப் பட்டத்தைப் பெற்றார்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியனானபோது, மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மகனோடு போட்டிகளுக்குச் சென்ற அவர் அப்பா அரங்குக்கு வெளியே காத்திருந்தார். பலகைக்கு முன்னால் பிள்ளை தனியாகத்தான் உட்கார வேண்டும். எந்தக் காயை நகர்த்துவது என்று சொல்ல முடியாத தொலைவில் இந்தப் பெற்றோர் நின்றார்கள்.

சாம்பியன்களைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் கட்டுரை பொய்யாகிவிடும். மூளை முடக்குவாதம் உள்ள மகனை வளர்த்த பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய அமைப்பு வித்யா சாகர். அது போன்ற இடங்களுக்கு வரும் தாய்மார்களிடம் பேசிப் பாருங்கள். இருபது வயது மகன் இன்று சட்டைப் பொத்தானைத் தானே போட்டான் என்பார்கள். மகள் தனியாகப் பேருந்தில் ஏறி, சரியான நிறுத்தத்தில் இறங்கினாள் என்பார்கள். சொல்லும்போது குரல் நடுங்கும். அவர்களுக்குப் பட்டியல் கிடையாது, ஒப்பிடப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கிடையாது. நேற்றைய மகனோடு இன்றைய மகனை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். நம்மில் எவருக்கும் இவ்வளவு தெளிவான கண் வாய்த்ததில்லை என்று தோன்றும். அந்தத் தாய்மார்களுக்குக் கவலையும் உண்டு, தமக்குப் பிறகு யார் என்ற கேள்வி இரவில் தூங்கவிடாது. அதற்கு அரசும் சமூகமும் இன்னும் சரியான பதில் சொல்லவில்லை. ஆனால் பெருமை என்றால் என்ன என்று என்னிடம் கேட்டால் நான் அந்தப் பொத்தானைத்தான் காட்டுவேன்.

வளர்வது எப்போது முடிகிறது என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்துக்கு வளரிளம் பருவம் 10 முதல் 19 வரை. அதை 24 வரை நீட்ட வேண்டும் என்று மெல்பர்னைச் சேர்ந்த சூசன் சாயர் குழுவினர் 2018இல் எழுதினார்கள். படிப்பும் வேலையும் திருமணமும் தள்ளிப்போவதால் பிள்ளைகள் நெடுநாள் நடுவழியில் இருக்கிறார்கள். என் மகள் பெங்களூரில் சம்பாதிக்கிறாள், காய்ச்சல் வந்தால் கஷாயத்துக்கு என்ன போட வேண்டும் என்று தொலைபேசியில் கேட்கிறாள். என் பாட்டிக்கு அந்த வயதில் மூன்று பிள்ளைகள். பெற்றவராக இருக்கும் காலமும் நீண்டுவிட்டது. விட்டுவிடவும் முடியாமல் பிடித்துக்கொள்ளவும் முடியாமல் இருக்கும் இந்தப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு யாராவது ஒரு பிள்ளைத்தமிழ் எழுத வேண்டும். பருவங்களை நானே சொல்வேன்: கதவு சாத்தும் பருவம், எதிர்த்துப் பேசும் பருவம், முதல் சம்பளப் பருவம், அம்மாவுக்கு வழி சொல்லித்தரும் பருவம்.

சென்ற மாதம் என் மாமியார் மருத்துவமனையில் இருந்தார். இரவு துணைக்கு இருந்த நான் விடியற்காலை கண்ணயர்ந்துவிட்டேன். விழித்துப் பார்த்தபோது எப்போது வந்தான் என்றே தெரியாமல் மகன் பாட்டியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தான். அவருக்கு நீண்ட வெள்ளை முடி. அதில் விழுந்திருந்த சிக்கை ஒவ்வொன்றாக, வலிக்காமல், வேரைப் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டிருந்தான். பிறகு மூன்றாகப் பிரித்துத் தளர்வாகப் பின்னினான். அவனுக்கு யாரும் தலைபின்னச் சொல்லித்தந்ததில்லை. அக்காவுக்கு நான் பின்னும்போது பார்த்திருப்பானோ என்னவோ. அறைக்கதவைச் சாத்திக்கொள்ளும், நான் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் அதே பையன். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலவே படுத்திருந்தேன்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து என் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பக்கத்து அறையில் அவன் படித்துக்கொண்டிருந்தான், கதவு பாதி திறந்திருந்தது. நேராகப் போய்ச் சொல்ல எனக்கும் இன்னும் வாய் வரவில்லை. "அக்கா, இவன் இன்னைக்கு என்ன பண்ணான் தெரியுமா..." என்று தொடங்கினேன். மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி அந்த அறைக்கும் கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன்.